காசியில் விட்ட காய்

அமாவாசை நாளில் இராமேசுவரத்துக் கடற்கரையில், அக்கினி தீர்த்தம் என்று பெயர் சூட்டப்பட்ட துறையில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஈர வேட்டிகள், எள்ளும் தண்ணீரும், அவசர அவசரமாக ஓதப்படும் மந்திரங்கள், தட்சிணைக் கணக்கு. இவற்றுக்கெல்லாம் ஓர் ஓரத்தில் கட்டுக் கட்டாக அகத்திக்கீரை விற்பனைக்கு இருக்கும். வாங்குகிறவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் பசுவின் வாயில் வைத்து, புண்ணியம் சேர்ந்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்திலே காசிக்குப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. சேதுக்கரை மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, கங்கை நீரை எடுத்து வந்து இராமேசுவரத்தில் ஊற்றினால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பது வைதிகர் வகுத்த முறை. அந்த யாத்திரையின் நடுவில், கயையில், இன்னொரு சடங்கு இருக்கிறது. ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுதும் உண்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும். 'காசியில் விட்டுவிட்டேன்' என்று சொன்னால் போதும், அதன் பிறகு அந்தக் காயை யாரும் இலையில் பரிமாற மாட்டார்கள்.

எதை விட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாகற்காயை விட்டிருப்பார்கள், அல்லது சுண்டைக்காயை. மாம்பழத்தை விட்டவரை, வாழைக்காய் வறுவலை விட்டவரை நாம் அதிகம் கண்டதில்லை. பிடிக்காத பண்டத்தைத் துறந்து, பிடித்தமான மோட்சத்தைப் பெறும் வியாபாரம்! இதை வேடிக்கை என்று எவரேனும் சுட்டிக் காட்டினால் உடனே தத்துவம் கிளம்பும். காய் என்பது காய்கறியன்று, காயம், அதாவது உடம்பு. பழம் என்பது பலன். உடற்பற்றையும் பலன் மீதுள்ள ஆசையையும் விட வேண்டும் என்பதே உட்கருத்து என்பார்கள். நல்லது, அப்படியானால் பாகற்காய் செய்த பாவம் என்ன என்று கேட்டால் பதில் வராது.

இந்தச் சடங்கை எள்ளி நகையாடிவிட்டு நகர்ந்துவிட நாம் இதை எழுதவில்லை. விடுவதற்கு ஒரு காய் இருந்தவர்களின் கதை அது. அதே இராமநாதபுரத்துச் சீமையில் விடுவதற்குக்கூட ஒரு காய் இல்லாமல் கஞ்சியும் உப்பும் மிளகாயும் கொண்டு காலம் தள்ளிய மக்களின் கதை ஒன்றும் உண்டு. அது தலபுராணத்தில் இல்லை. அதைத் தேடி எழுத வேண்டியிருக்கிறது.

தமிழர் வாழ்விலே கீரைக்கு ஒரு பழைய அவமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை நம் இளைஞர்கள் படித்திருப்பார்கள். பசியால் வாடிய பாணனின் வீட்டில், அவன் மனைவி குப்பையிலே முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்புக்கூட இல்லை. அதை உண்ணும்போது அயலார் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துக்கொள்கிறாள். வறுமையைவிட வறுமை வெளியே தெரிவதே பெரிய துன்பம் என்பதைப் புலவர் அந்த அடைத்த கதவின் வழியாகக் காட்டுகிறார். புறநானூற்றிலே பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கணவனை இழந்தவள் உண்ண வேண்டிய உணவைச் சொல்லும்போதும் அதே வேளைக்கீரைதான் வருகிறது. புளி பெய்து வேகவைத்த கீரை, எள்ளுத் துவையல், நெய் தீண்டாத சோற்றுப் பிண்டம். அந்த உணவை உண்டு, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுத்துக் கிடப்பதைவிடத் தீயே மேல் என்று அவள் சொல்கிறாள்.

வறியவளுக்கும் கைம்பெண்ணுக்கும் கீரை. செல்வனுக்கும் விருந்தினனுக்கும் ஊனும் நெல்லும் கள்ளும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அருகே எழுதப்பட்ட இந்த வழக்கைச் சான்றோர் வழக்கு என்று நாம் போற்ற வேண்டியதில்லை. நம் இலக்கியம் என்பதற்காக நம் இலக்கியத்தின் குறையை மறைப்பது பகுத்தறிவு ஆகாது. உணவை அதன் சத்தைக் கொண்டு மதிக்காமல், அதை உண்பவன் யார் என்பதைக் கொண்டு மதிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பதைத்தான் சொல்லுகிறோம்.

அடுத்து மிளகாயைப் பார்ப்போம். இராமநாதபுரம் என்றால் இன்று முண்டு மிளகாய். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி வட்டாரங்களிலே, வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி, கரிசலிலும் களர் கலந்த நிலத்திலும் விளைகிற உருண்டையான, தோல் தடித்த மிளகாய். 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆதியில் இருந்தே இந்த மண்ணின் சொத்து என்று நினைக்கும்படி அவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறது. ஆனால் மிளகாய்க்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பசு கடல் கடந்த பிறகுதான் மற்ற உலகம் அதை அறிந்தது. 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் அதை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதே நூற்றாண்டில் அவர்கள் மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையிலும் காவல் வைத்திருந்தார்கள். தமிழன் அந்தப் புதுக் காயைச் சுவைத்துப் பார்த்தான். மிளகைப் போல உறைக்கிறது, ஆனால் காயாக இருக்கிறது. மிளகாய் என்று பெயர் வைத்தான்.

தக்காளியும் அப்படியே. மணத்தக்காளி நம்முடையது. அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புப் பழம் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டது. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா எல்லாம் கடல் கடந்து வந்தவையே. இவற்றை நீக்கிவிட்டு ஒரு நாள் சமைக்கச் சொன்னால் நம் பழமைவாதிகளின் அடுக்களையே ஸ்தம்பித்துவிடும்.

இல்லை, ஒரு நாள் மட்டும் அப்படிச் சமைக்கிறார்கள், திவச நாளன்று. அன்று மிளகாய் கூடாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு கூடாது. அவை மிலேச்ச நாட்டுக் காய்கள். வெங்காயமும் பூண்டும் என்றைக்குமே தள்ளுபடி. இந்த மண்ணிலேயே பிறந்த முருங்கையும் கூடாதாம். அதற்குக் காரணம் அயல்நாடு என்று சொல்ல முடியாது. ஆகவே சாத்திரம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மற்ற 364 நாட்களும் மிளகாய்ப் பொடி சாம்பாரில் மணக்கிறது. ஆசாரம் என்பது எவ்வளவு சௌகரியமான பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் கீரை உண்ணாதே என்பது போன்ற சில விலக்குகளில் அனுபவம் ஒளிந்திருக்கக் கூடும். விளக்கு மங்கலாக எரியும் வீட்டில், கீரையோடு புழுவும் பூச்சியும் கலந்திருந்தால் தெரியாது. காலையில் சமைத்தது இரவுக்குள் கெட்டுப் போகும். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அது அறிவு. காரணத்தை மறைத்து, தோஷம் என்று சொன்னதனால் அது மூடநம்பிக்கையாயிற்று. மின்விளக்கு வந்த பிறகும் கீரை இரவுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பஞ்சத்துக்கு வருவோம். 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணம் முழுவதும் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். வைசிராய் லிட்டன் அனுப்பி வைத்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கணக்குப் போட்டார். மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். டெம்பிள் கணக்கிலே மனிதன் தானியம் போட்டால் ஓடும் எந்திரம். அவன் உடம்புக்குப் பருப்பும் காயும் கீரையும் வேண்டும் என்ற நினைவு அந்தக் கணக்கிலே இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு அளவை உயர்த்த நேர்ந்தது, அதற்குள் போனவர்கள் போனார்கள்.

அந்தக் காலத்தில்தான் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள் நம் மக்கள். பிறகு 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், தனுசுகோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், நடுவே மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை என்று முறை மாறிற்று. பசி மாறவில்லை. வடக்கே காய் விடப் போனவர்களும், தெற்கே வயிறு நிரப்பப் போனவர்களும் ஒரே ரயில் பாதையில் எதிரெதிரே சென்றிருக்கிறார்கள்.

இந்த நேரத்திலே விஞ்ஞானம் என்ன செய்துகொண்டிருந்தது?

1747இல் ஜேம்ஸ் லிண்டு என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள்தாம் எழுந்து நடமாடினார்கள். மந்திரித்தவர்களை அல்ல, தின்றவர்களை எண்ணிப் பார்த்த முதற் சோதனைகளில் அது ஒன்று. அதை ஏற்க பிரிட்டிஷ் கடற்படைக்கே சுமார் ஐம்பது ஆண்டு பிடித்தது. சாவகத்தில் அய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றவை பிழைப்பதையும் கண்டார். 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரைத் தந்தார்.

நம் நாட்டில் அந்த ஆராய்ச்சி நடந்த இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1918இல் அங்கே ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசனின் ஒரு சோதனையை ஒவ்வொரு சுயமரியாதைக்காரனும் அறிந்திருக்க வேண்டும். அவர் ஒரே இனத்தைச் சேர்ந்த இளம் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் உணவு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. மற்றவற்றுக்குப் பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, கூர்க்கர் உணவு, கன்னடர் உணவு, வங்காளியர் உணவு, கடைசியாகச் சென்னைக்காரர் உணவு: பல முறை கழுவித் தீட்டிய அரிசியும் அதைச் சார்ந்தவையும். எடையிலும் உடல் கட்டிலும் முதலிடம் பெற்றவை சீக்கிய உணவு தின்ற எலிகள். கடைசியில் நின்றவை நம் உணவைத் தின்றவை!

வீர மரபினர் என்றும் அடிமை மரபினர் என்றும், தோளில் பிறந்தவன் காலில் பிறந்தவன் என்றும் ஏடு எழுதியவர்கள் அந்தக் கூண்டைப் பார்த்திருக்க வேண்டும். எலிகளில் க்ஷத்திரிய எலி இல்லை, சூத்திர எலி இல்லை. எல்லாம் ஒரே குருதி. வேறுபட்டது தட்டு மட்டுமே. தட்டை மாற்றினால் உடல் மாறுகிறது என்று எலிகள் காட்டிக் கொடுத்துவிட்டன.

குன்னூர்க் கூடத்தில் தொடங்கிய உணவுப் பகுப்பாய்வின் தொடர்ச்சியாக, கோபாலனும் அவருடைய சகாக்களும் தொகுத்து 1971இல் வெளிவந்த அட்டவணையைத் திறந்தால் வியப்பாக இருக்கிறது. 100 கிராம் கத்தரிக்காயில் 74 மைக்ரோகிராம் கரோட்டின். அகத்திக்கீரையில் 5,400. முருங்கைக்கீரையில் 6,780. கரோட்டின்தான் உடலுக்குள் சென்று வைட்டமின் ஏ ஆகிறது. அது இல்லாவிட்டால் முதலில் மாலைக்கண், பிறகு கருவிழி உலர்ந்து, குழந்தையின் பார்வை ஒரேயடியாகப் போய்விடும். வேதாளம் குடியேறும் மரம் என்று ஒதுக்கப்பட்ட முருங்கையும், அமாவாசையன்று பசுவுக்கு வைக்கப்படும் அகத்தியும் பட்டியலின் உச்சியில் நிற்கின்றன! பசுவுக்குக் கீரை கொடுப்பதில் நமக்கு வருத்தம் இல்லை. மாலைக்கண் குழந்தைகளுக்கு வராமல் இருந்திருந்தால் அந்த வருத்தம் இன்னும் குறைந்திருக்கும்.

சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் இருந்த ரைட் என்ற மருத்துவர் 1920களிலேயே, தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி கெட்டுப் போவதைப் பற்றி எழுதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அதே நோய்க்காக ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடத்த வேண்டியிருந்தது. பார்வை மங்கிய குழந்தையைத் தாயோடு சேர்த்துத் தங்க வைத்து, உள்ளூர்க் கீரையையும் பருப்பையும் சமைத்துக் காட்டி, தோட்டம் போடக் கற்றுக் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது; ஆனால் திரும்பிப் போகும் வீட்டிலும் சோறு மட்டுமே இருந்தால் குழந்தை மறுபடியும் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தோட்டம் போடக் கற்றுக் கொடுக்கலாம். நிலம் எங்கே? நீர் எங்கே?

இங்கேதான் இராமநாதபுரத்து வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒரு பக்கம் வருகிறது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியார் ஒரு பிரிவினர், ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன் வெள்ளி நகை அணியாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. அடுப்பின் மீது எந்தச் சட்டி ஏற வேண்டும் என்பதைக்கூட அவர்கள் தீர்மானித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அதற்கும் அடங்கவில்லை என்றதும், 1931 சூனில் பதினொரு தடைகள் வந்தன. அவற்றிலே நம் பொருளுக்கு நேராகத் தொடர்புடையவை மூன்று. ஆதிதிராவிடர் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாரருக்கு மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசன நீர் கிடையாது. அப்படியும் மழை நீரைக் கொண்டே எதையாவது விளைவித்துவிட்டால், அறுவடைக்கு முற்றிய நேரத்தில் அதைக் கொள்ளையிட வேண்டும்.

வானத்திலிருந்து விழும் நீரை எந்தச் சாதியும் தடுத்து நிறுத்த முடியாது. ஆகவே அந்த நீரில் விளைந்ததைப் பறித்துக்கொள்ளச் சட்டம் எழுதினார்கள். கண்மாய் நீர் கிடைக்காது, மழை நீரில் விளைந்தது நிலைக்காது என்றால், அந்த வீட்டுப் பானையில் காய் எப்படி வேகும்? ஏழைகளுக்குக் காய்கறி உண்ணத் தெரியவில்லை, சமைக்கத் தெரியவில்லை என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்தப் பதினொரு தடைகளையும் ஒரு முறை படித்துவிட்டுப் பேசட்டும். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதே 1931ஆம் ஆண்டில், அதே மாவட்டத்து விருதுநகரில்தான் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு நடைபெற்றது. அந்த மாநாடு ஏன் அங்கே தேவைப்பட்டது என்று இன்றைய இளைஞர்கள் கேட்டால், ஹட்டன் எழுதியதைக் காட்டினால் போதும்.

கரையோர மக்களின் பானையில் வேறு பொருள்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மீன் இருந்தது. பனை இருந்தது. கோடையில் நுங்கு, பதநீர், கருப்பட்டி; மழை கழிந்தபின் பனங்கிழங்கு. கஞ்சிப்பாசி என்று இங்கே அழைக்கப்படும் கடற்பாசியைக் காய்ச்சிக் குடித்தார்கள். பெயரே அதன் பயனைச் சொல்லுகிறது. கீழக்கரை முதலான ஊர்களில் நோன்பு திறக்கும் வேளையில் கடற்பாசி இனிப்பு இல்லாத வீடு குறைவு. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி அந்தப் பாசியைப் பறிக்கிறார்கள். கடலுக்குள் இறங்கிக் கீரை பறிக்கும் பெண்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். அவர்கள் பறிப்பதில் பெரும்பகுதி ஆலைகளுக்குப் போய் அகார் ஆகிறது. அவர்கள் வீட்டுச் சட்டிக்குள் போவது கொஞ்சமே.

அக்கரையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ஒடியற் கூழ் காய்ச்சுகிறார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு, மீன், இறால், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, புளி, மிளகாய் எல்லாம் ஒரே பானையில். மாவுச்சத்தும் புரதமும் வைட்டமினும் ஒன்றாகக் கொதிக்கின்றன. மீன் தீட்டு என்று சைவமும், காய் சப்பென்று அசைவமும் தனித்தனியே பிரிந்து நிற்காத பானை அது.

இதைச் சொல்லும்போது நம்மவர்கள் பக்கமும் ஒரு குறை இருப்பதை ஒளிக்க முடியவில்லை. சைவ உணவே உயர்ந்தது, அதை உண்பவனே உயர்ந்தவன் என்ற ஆணவத்தை எதிர்த்து நாம் போராடினோம். இறைச்சி உண்பவன் இழிந்தவன் அல்லன் என்று மேடைதோறும் முழங்கினோம். அது தேவையான போராட்டம், இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் அந்த வேகத்தில், காய்கறி என்றாலே அக்கிரகாரத்துப் பண்டம், வீரனுக்கு உரியதன்று என்ற எண்ணம் நம் இளைஞர்களில் பலரிடம் படிந்துவிட்டது. சைவம் என்பது ஒரு சாதி அந்தஸ்து; காய்கறி என்பது உணவு. முன்னதை எதிர்க்கப் பின்னதைத் தட்டிலிருந்து தள்ளுவது, புரோகிதரைப் பிடிக்காததால் எள்ளுருண்டையை வெறுப்பது போலாகும். நாளொன்றுக்குக் காய்களும் கனிகளுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். கிழங்கு வகையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மதிய விருந்தில் பிரியாணியும் அதன் ஓரத்தில் நான்கு வெங்காய வளையமும் உண்டு எழுந்திருப்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

சமைக்கும் முறையிலும் நாம் இழப்பது கொஞ்சமன்று. காயை நறுக்கிய பின் நெடுநேரம் நீரில் ஊறப்போடுவது, நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டுவது, காலையில் வைத்த கூட்டை இரவு வரை சுடவைத்துக்கொண்டே இருப்பது: இவையெல்லாம் வைட்டமின் சியைச் சாக்கடைக்கும் காற்றுக்கும் கொடுப்பதாகும். கழுவிவிட்டு நறுக்குங்கள்; குறைந்த நீரில், மூடி வைத்து, வெந்தவுடன் இறக்குங்கள். கீரையின் கரோட்டின் உடம்பில் ஒட்டச் சிறிது எண்ணெய் வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெய் போதும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள ஒரு துண்டு எலுமிச்சை, அல்லது கூடவே சிறிது மீன், பெரிதும் உதவும். மீனும் கீரையும் ஒரே இலையில் இருப்பதைத் தோஷம் என்று சொல்லும் கிழவிகளுக்கு ஐதராபாத் நிறுவனத்தின் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை. சமைத்துப் பரிமாறிவிடுவதே நல்லது.

இராமேசுவரம் தீவுக்கு இன்று காய்கறி லாரியில் வருகிறது. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும் வரை, ரயிலிலோ படகிலோ வந்தால்தான் உண்டு. 1964 டிசம்பரில் புயல் தனுசுகோடியை அழித்துப் பாம்பன் பாலத்தின் தூலங்களைக் கொண்டுபோனபோது, பாலத்தைச் செப்பனிட 46 நாட்கள் ஆயின. அத்தனை நாளும் படகையே நம்பியிருந்த தீவில், அரிசி இறங்கும் அவசரத்தில் காய்கறிக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்! பாலம் இருக்கிறது என்பதற்காக விலை குறைந்துவிடவில்லை. மதுரையிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஏற்றிய சுமை, தங்கச்சிமடத்துக் கடையில் இறங்கும்போது வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டுதான் இறங்குகிறது. மீன்பிடித் தடைக் காலத்தில், வருமானம் நின்ற வீட்டில், முதலில் குறைவது காய்தான். அரிசி நியாயவிலைக் கடையில் கிடைக்கிறது. காய்க்கு அப்படி ஒரு கடை இல்லை.

பள்ளிக்கூடத்துப் பானையை மட்டும் இந்தக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை நகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தொடங்கினார். 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டு சென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கிற்று. அதன் பட்டியலில் காய்கறிச் சாம்பார் இடம்பெற்றிருக்கிறது. சாதி கேட்காமல், ஒரே வரிசையில், காயோடு கூடிய உணவு. மண்பாண்டம் தவிர வேறு இருக்கக் கூடாது என்று விதித்த அதே சீமையில், அந்தத் தடைக்கு ஆளானவர்களின் கொள்ளுப் பேரப் பிள்ளைகள் எவர்சில்வர் தட்டில் அதை உண்கிறார்கள்.

அந்தச் சாம்பாரில் விழுகிற காய் எவ்வளவு என்பதை ஊருக்கு ஊர் சென்று பார்க்க வேண்டியது நம் தோழர்களின் வேலை. கடைக்காயின் விலை ஏறும் மாதங்களில் பானையில் பூசணியும் நீரும்தான் மிஞ்சுகின்றன என்றால் அதை எழுதிக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. தங்கச்சிமடத்து மணலில் வளர்ந்த மல்லிகை நாற்றுகள் தமிழகமெங்கும் போகின்றன. கடலுக்கு இவ்வளவு அருகே, கொஞ்சம் தோண்டினாலே நல்ல நீர் தருகிற மணல் அது. பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரமாக நான்கு முருங்கைக் கிளையும் ஒரு வரிசை அகத்தி விதையும் ஊன்ற அரசாணை எதுவும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினால், அடுத்த ஆடி அமாவாசைக்குக் கூட்டம் சேரும்போது அகத்தி பிள்ளைகளின் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கும்.